அஞ்சு பேருக்குச் சைவம்

பள்ளிக்கூடத்தில் பெண் மயங்கி விழுந்த செய்தி, பெற்ற அம்மாவுக்குத்தான் முதலில் போனது. பதிவேட்டில் இன்னும் அவளுடைய நம்பர்தான் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் வீட்டைவிட்டுப் போனவள் அவள். வேறு ஊரில் ஃபிரிட்ஜ் கடை வைத்திருக்கும் ஒருவரைக் கட்டிக்கொண்டு, மாதத்துக்கு ஒருமுறை மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மகளைக் கூப்பிடவில்லை. நேராகப் பெண்ணின் அப்பாவை, அந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

“எம் பொண்ண எலும்பும் தோலுமா ஆக்கி வச்சிருக்கீங்களாமே. ஞாயித்துக்கிழம வர்றேன், அவரும் வர்றாரு. கண்ணால பாத்துட்டு, கையோட கூட்டிட்டுப் போயிடறேன்.”

பஸ் டெப்போவில் ஒரு வண்டிக்கு அடியில் படுத்தபடிதான் மெக்கானிக் இதைக் கேட்டார். எந்தச் சண்டையையும் நாளைக்குத் தள்ளிப்போட்டே காலத்தை ஓட்டியவர். “சரி, மத்தியானம் சாப்பிட வாங்க, உக்காந்து பேசுவோம்” என்று சொல்லி வைத்துவிட்டார். சமைக்கப் போவது அவர் இல்லை.

சமைக்கப் போகிறவள் அவருடைய இரண்டாவது மனைவி. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் சலவைக்கூடத்தில் வேலை. ஆவியடிக்கும் உருளைக்குள்ளிருந்து வரும் படுக்கை விரிப்புகளை, எதிரில் ஒருத்தி ஒரு முனையைப் பிடிக்க, இவள் மறுமுனையைப் பிடித்து, நாலாக, எட்டாக மடிக்க வேண்டும். ஒரு ஷிப்டில் எழுநூறு விரிப்பு. ஒரு சுருக்கம் இருந்தாலும் பிரித்துத் திரும்பப் போடச் சொல்வாள் என்பதால், கூட இருக்கிற பெண்கள் அவளுக்கு இஸ்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் குடியிருப்புவரை வந்து ஒட்டிக்கொண்டது.

இஸ்திரி இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. அப்போது பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. அடுத்த வருஷமே ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டில் கறித்துண்டுகளைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, “இனிமே எனக்கு இது வேணாம்” என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, “வேணாம்னா வேணாம்” என்றாள். அவ்வளவுதான் காரணம். அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று வேளையும் சண்டை.

“உனக்குன்னு தனி உலை வைக்க நான் என்ன ஓட்டலா நடத்தறேன்?” என்பாள் இஸ்திரி. கறிக்குழம்பிலிருந்து உருளைக்கிழங்கைப் பொறுக்கிக்கொள்ளச் சொல்வாள். பெண் பொறுக்கமாட்டாள். வெறும் சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்து எழுந்துபோவாள். ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்ற நாளும் உண்டு. மெக்கானிக் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சாப்பிட்டு முடிப்பார்.

புதன்கிழமை சாயங்காலம் பெண் தானாகவே அடுப்படிக்கு வந்தாள். வழக்கமாக வரமாட்டாள்.

“ஞாயித்துக்கிழம கறி வச்சீங்கன்னா நான் மேஜைக்கு வரமாட்டேன், சின்னம்மா.”

“உனக்குத் தனியா ஏதாவது வைக்கறேன்.”

“தனியா வேணாம். எல்லாருக்கும் சைவம். இல்லேன்னா ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு இருப்பேன். அம்மா கேட்டா, ரெண்டு வருஷமா நான் இங்க என்ன சாப்பிட்டேன்னு ஒண்ணுவிடாம சொல்லுவேன்.”

“மிரட்டறியாடி?”

“சொல்றேன்.”

வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கறி போடாமல் அனுப்புவதைப்போல ஒரு கேவலம் இஸ்திரிக்குத் தெரியாது. அவள் பிறந்த வீட்டில், கறி எடுக்க வழியில்லாத வாரத்தில் விருந்தாளி வருகிறார் என்றால் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். அவளுக்குத் தெரிந்த சமையல் எல்லாம் எலும்பில்தான் ஆரம்பிக்கும். எலும்பை வேகப் போட்டுவிட்டுத்தான் வெங்காயத்தையே உரிப்பாள்.

“வர்றவங்களுக்கு இலையும் தழையுமா போடறதா? உங்கம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா.”

“உங்களப் பாத்துத்தானே சிரிப்பாங்க? என்னப் பாத்து இல்லியே.”

சலவைக்கூடத்துச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் இஸ்திரி எழுத ஆரம்பித்தாள். பெண் நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டாள். வெளியே ஒரு வாரமாக விடாத மழை. ஜன்னல் கம்பியில் ஈரத்துணி தொங்கியது.

“காளான் போட்டு ஒரு சோறு.”

“காளான் கறி மாதிரி இருக்கும்னுதானே போடறீங்க? கறி மாதிரி இருக்கறது எதுவும் எனக்கு வேணாம்.”

“சாப்பிடப் போறது நீ ஒருத்தி இல்ல. காளான் இருக்கு. அடுத்து, கத்தரிக்காய சுட்டு மசிச்சு...”

“அம்மாவுக்குக் கத்தரிக்கா ஆகாது. உடம்பெல்லாம் அரிக்கும்.”

“அப்படியா?” இஸ்திரி நிதானமாகக் கத்தரிக்காய் என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டாள்.

“அசிங்கம்” என்றாள் பெண்.

“சரி, அடிச்சிட்டேன். பாரு. பூசணிக்காய வறுத்துப் போடலாமா?”

“தண்ணியா விட்டுக்கும். நீங்க செஞ்சா இன்னும் விட்டுக்கும்.”

“அப்ப நீயே சொல்லேண்டி! எல்லாத்துக்கும் மூஞ்சியச் சுளிக்கத் தெரியுதுல்ல?”

பெண் யோசித்தாள். “உருளைக்கிழங்க வேகவச்சு, பட்டாணி வச்சுத் தட்டி, ரெண்டு பக்கமும் சிவக்க வறுத்துடுங்க. பீன்ஸ் கொஞ்சம். அப்புறம் அந்தப் பருப்பு சூப். போன மழைக்காலத்துல ஒரு வாரம் வச்சீங்களே, அது. நீங்க வச்சதுலயே அது ஒண்ணுதான் வாயில வைக்கற மாதிரி இருந்துச்சு.”

இஸ்திரியின் கையில் பேனா நின்றது.

“என்ன? மறந்துட்டீங்களா?”

“இல்ல. ஞாபகம் இருக்கு” என்றாள்.

எப்படி மறக்கும்? போன மழைக்காலத்தில் பெண்ணுக்கு ரத்தம் குறைவாக இருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லியனுப்பியிருந்தார்கள். அந்த வாரம் இஸ்திரி தினமும் எலும்பை இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து, மேலே மிதந்த கொழுப்பை எடுத்து, துணியில் இரண்டு தடவை வடிகட்டி, அந்தத் தண்ணீரில் பருப்பை வேகவைத்தாள். பெண்ணின் உடம்பு தேறட்டும் என்று செய்தாள். ஜெயிக்க வேண்டும் என்றும் செய்தாள். இரண்டில் எது அதிகம் என்று அவளுக்கே தெரியாது. பெண் இரண்டாவது கிண்ணம் கேட்டாள். மூன்று வருஷத்தில் ஒரே ஒரு தடவை “நல்லா இருக்கு” என்று சொன்னதும் அந்த வாரத்தில்தான். ஏழாம் நாள் இஸ்திரி நிறுத்திவிட்டாள். அந்த “நல்லா இருக்கு” அவளுக்குத் தொண்டையில் சிக்கியது.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்ததும் எலும்பில்லாமல் வைத்துப் பார்த்தாள். சப்பென்று இருந்தது. வெங்காயத்தைக் கருகும்வரை வதக்கிப் போட்டாள், கசந்தது. தக்காளியை வறுத்துப் போட்டாள், புளித்தது. மூன்றாவது தடவை பூண்டை முழுசாகச் சுட்டு நசுக்கிப் போட்டதில் குடிக்கிற பதத்துக்கு வந்தது. ஆனால் அது வேறு சூப். நாக்கு உள்ளவர்கள் எவரும் இதை அது என்று சொல்லமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஃபிரிட்ஜிலிருந்த எலும்புப் பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தாள். வருகிறவள் மோப்பம் பிடித்துவிடுவாள், அதனால்தான், வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பன்னிரண்டரைக்கு வந்தார்கள். நாலு மாடி ஏறி வந்ததில் அம்மாக்காரிக்கு மூச்சு வாங்கியது. மெக்கானிக் கதவைத் திறந்து, ஒரு காலத்தில் வாடி போடி என்று கூப்பிட்டவளை “வாங்க” என்றார். அவளும் “நல்லா இருக்கீங்களா?” என்றாள். ஃபிரிட்ஜ் கடைக்காரர் குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சொட்டச் சொட்டக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். குண்டான, சாதுவான மனிதர்.

அம்மாக்காரி மகளைக் கட்டிக்கொண்டு, தோள்பட்டையைத் தடவிப் பார்த்து, இஸ்திரிக்குக் கேட்கும்படி “ஐயோ, எம்புட்டு இளைச்சிட்டே!” என்றாள். பையிலிருந்து ஒரு பெரிய பொட்டலத்தை எடுத்தாள். எண்ணெய் காகிதத்தைத் தாண்டி வந்திருந்தது.

“முழுக்கோழி. வறுத்தது. உனக்குன்னு சொல்லி வாங்கினேன். தொடைய யாருக்கும் குடுக்கமாட்டியே நீ!”

“நான் கறி சாப்பிடறதில்லம்மா.”

“எப்பலேர்ந்து?”

“ரெண்டு வருஷமா.”

அம்மாக்காரி மெக்கானிக்கைப் பார்த்தாள். மெக்கானிக் இஸ்திரியைப் பார்த்தார்.

“போன்ல ஒரு வார்த்த சொல்லலியே நீ?”

“நீங்க கேக்கலியேம்மா. ‘சாப்பிட்டியா’ன்னு கேப்பீங்க. ‘சாப்பிட்டேன்’னு சொல்லுவேன்.”

பொட்டலத்தை எங்கே வைப்பது என்று ஒரு நிமிஷம் யாருக்கும் தெரியவில்லை. கடைக்காரர் அதை வாங்கிப் பால்கனியில் குடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.

இஸ்திரி கிழங்கை வறுத்துக்கொண்டிருந்தபோது அம்மாக்காரி அடுப்படிக்கு வந்தாள். அலமாரியை ஒரு பார்வை பார்த்தாள். சூப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்து மூடினாள்.

“எல்லாம் சைவமா? நல்லாத்தான் இருக்கு. ஒரு நாளைக்கு.”

“தட்டு எடுத்துத் தர்றீங்களா? வழிய மறைச்சுக்கிட்டு நிக்கறீங்க.”

அம்மாக்காரி நகரவில்லை. குரலைத் தாழ்த்தினாள். “பாருங்க, உங்களுக்கும் எனக்கும் ஆயிரம் இருக்கும். ஆனா சமைக்கறவங்க நாம. இந்த வயசுல இப்படி ஒரு கிறுக்கு வரும். அதுக்கெல்லாம் சரி சரின்னு தலையாட்டிட்டு, எலும்புத் தண்ணிய சூப்புல விட்டோம்னா தெரியவா போகுது? எங்கூட வரட்டும். ஒரே மாசம். கன்னம் எப்படி ஆகுதுன்னு பாருங்க.”

இஸ்திரி கரண்டியைக் கீழே வைத்தாள். முகத்தில் அடுப்புச் சூடு. தான் செய்ததைத்தான் சொல்கிறாள். ஒரு எழுத்து மாறவில்லை. ஆனால் அந்த வாயிலிருந்து கேட்டபோது, அந்த வாயில் ஒன்று போட்டால் என்ன என்று இருந்தது.

“தட்டு” என்றாள் திரும்பவும்.

மேஜையில் ஐந்து பேரும் முழங்கை இடிக்க உட்கார்ந்தார்கள். கடைக்காரர் மட்டும் நிம்மதியாகச் சாப்பிட்டார். கிழங்கை மூன்றாவது தடவை எடுத்துக்கொண்டு, “இதுல பட்டாணி வச்சது நல்ல யோசன” என்றார். பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

“எங்க வீட்டுல ரெண்டு அடுப்படி மாதிரி இடம் இருக்கு” என்றாள் அம்மாக்காரி. “உனக்குன்னு தனிப் பாத்திரம், தனி அடுப்பு. கறி வாசனையே உம்பக்கம் வராது. தினமும் எங்கையால சைவமா செஞ்சு தர்றேன். யாரும் உன்ன ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

பெண்ணின் முகம் இளகியதை இஸ்திரி பார்த்தாள். இரண்டு வருஷமாகக் கறியைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி வந்தவளுக்கு, கடைசியில் ஒருவர் சரி என்று சொல்லிவிட்டார்.

“நெஜமாவாம்மா?”

“உம்மேல சத்தியமா.”

“அப்பா, நான்...” என்று பெண் ஆரம்பித்தாள்.

“இவங்க அடுப்படியில என்ன சொன்னாங்கன்னு கேட்டுட்டுப் போ” என்றாள் இஸ்திரி.

பெண் இவள் பக்கம் திரும்பினாள்.

“தலையாட்டிட்டு, எலும்புத் தண்ணிய சூப்புல விட்டா தெரியவா போகுதுன்னாங்க. ஒரு மாசத்துல உங்கன்னம் உப்பிடுமாம்.”

“பொய்!” அம்மாக்காரியின் நாற்காலி பின்னால் நகர்ந்தது. “வாய் கூசாம பொய் சொல்றா பாருங்க! எம் பொண்ணு எங்கூட வந்துடுவாளேன்னு வயித்தெரிச்சல்.”

பெண் இஸ்திரியைப் பார்த்த பார்வையில் பழைய வெறுப்பு அப்படியே இருந்தது. “ஏன் சின்னம்மா இப்படி? எனக்கு ஒருத்தர் நல்லது சொன்னா உங்களுக்குப் பொறுக்காதா?”

இவள் சொன்னால் அவள் நம்பமாட்டாள். நம்புவதற்கு மூன்று வருஷத்தில் ஒரு காரணமும் கொடுத்ததில்லை. இஸ்திரிக்கு அது புரிந்தது. இனி ஒன்றே ஒன்றுதான் கையில் இருந்தது.

“தெரியாதுன்னு சொன்னாங்கல்ல? அது நெஜந்தான். உனக்குத் தெரியல. ஏன்னா நான் செஞ்சேன்.”

“என்ன செஞ்சீங்க?”

“போன மழைக்காலத்து சூப்பு. ஏழு நாளும் எலும்புத் தண்ணியிலதான் வச்சேன். துணியில வடிகட்டி.”

பெண் தன் கிண்ணத்தைப் பார்த்தாள். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். வாயிலேயே வைத்திருந்து, மெதுவாக விழுங்கினாள்.

“அதான்” என்றாள். “அதான் இன்னைக்கு அப்படி இல்ல.”

எழுந்து குளியலறைக்குப் போனாள். தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. வாந்தி எடுக்கிற சத்தம் அதற்குள் கேட்டது. ஒரு வருஷத்துக்கு முன்னால் தின்றதை இப்போது எடுக்க முடியுமா என்ன? ஆனால் எடுத்தாள்.

“பாத்தீங்களா?” அம்மாக்காரி மெக்கானிக்கின் முகத்துக்கு நேராக விரலை நீட்டினாள். “இந்தப் பொம்பள கையிலதான் எம் பொண்ண விட்டு வச்சிருந்தீங்க! நான் அப்படிச் சொன்னேனாம். நானாவது, பெத்த பொண்ணுக்கு...”

“எந்தம்பிக்கு நீ செஞ்சியே” என்றார் கடைக்காரர். ரொட்டியால் தட்டைத் துடைத்துக்கொண்டே, சண்டையை ஆற்றுகிற எண்ணத்தில்தான் சொன்னார். “அவன் முட்டை தொடமாட்டான்னு தெரிஞ்சும் கேக்குல போட்டியே. தெரியவா போகுதுன்னு நீதானே சொன்னே? விடு, அந்த மாதிரி பேச்சுவாக்குல சொல்லியிருப்பே.”

அம்மாக்காரி அவர் பக்கம் திரும்பவே இல்லை. குளியலறைக் கதவைத்தான் பார்த்தாள். பெண் முகத்தைத் துடைத்தபடி அங்கே நின்றிருந்தாள். அவளும் கேட்டிருந்தாள்.

“நான் வரலம்மா.”

“நீ பேசாம இரு. இவ செஞ்சத கேட்டுட்டும் இங்கயா இருக்கப் போறே?”

“இவங்க செஞ்சத இவங்களே சொல்லிட்டாங்க. நீங்க செய்யப்போறத நான்தான் கண்டுபிடிச்சுக்கிட்டே இருக்கணும்.”

அம்மாக்காரி அழுதாள், திட்டினாள், வக்கீலைப் பார்ப்பேன் என்றாள். மெக்கானிக்கைக் கையாலாகாதவன் என்றாள், அதில் பொய் இல்லை. மூன்று மணிக்கு இறங்கிப் போனார்கள். கடைக்காரர் பால்கனிக்குத் திரும்பி வந்து குடையை எடுத்தார். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கோழியையும் எடுத்துக்கொண்டார்.

கதவு சாத்தியதும் மெக்கானிக் வெடித்தார். அந்த வீட்டில் அவர் குரல் அப்படி உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

“நீ மனுஷியா? கொழந்தைக்குத் தெரியாம அதப் போட்டிருக்கே. இத்தன நாள் எங்கிட்டகூட ஒளிச்சிருக்கே!”

“ஒளிச்சேன். நீங்க அந்த சூப்ப ஏழு நாளும் குடிச்சீங்க. என்ன போட்டிருக்குன்னு கேட்டீங்களா? சரி, நேத்து ராத்திரி அவ என்ன சாப்பிட்டா, சொல்லுங்க.”

“சோறுதான்.”

“ஒண்ணும் சாப்பிடல. கதவ சாத்திக்கிட்டுப் படுத்துட்டா. நீங்க அப்ப மேஜையிலதான் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தீங்க.”

“பேச்ச மாத்தாதே.”

“மாத்தல. நான் செஞ்சது தப்புதான். அவகிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்லணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல.”

மெக்கானிக் நாலு நாள் அவளோடு பேசவில்லை. பெண்ணும் பேசவில்லை, அவள் பேசாதது புதிதில்லை. ஆனால் இஸ்திரி தொட்ட எதையும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். தயிர்கூட, இஸ்திரி திறந்த டப்பாவிலிருந்து எடுக்கமாட்டாள். பழமும் கடை ரொட்டியுமாகத் தின்றாள். இஸ்திரி இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் அலமாரியின் கீழ்த்தட்டு முழுவதையும் காலி செய்து துடைத்தாள். மன்னிப்பு கேட்கத் தெரியாது அவளுக்கு. கேட்டாலும் அது அதட்டல் மாதிரிதான் வந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து, விரல் நுனியெல்லாம் சூட்டில் சிவந்து, மாடி ஏறி வந்தபோது அடுப்படியில் விளக்கு எரிந்தது. பெண் அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். புதுப் பாத்திரம், விலை ஒட்டிய காகிதம் பாதி கிழிந்தபடி. கீழ்த்தட்டில் பருப்பு, உப்பு, ஒரு கரண்டி. பலகையில் வெங்காயம் கோணல்மாணலாக நறுக்கிக் கிடந்தது. பாத்திரத்தில் பருப்பு நுரைத்து விளிம்புவரை வந்துவிட்டது. இஸ்திரியின் கை தானாகத் தீயைக் குறைக்கப் போனது.

“தொடாதீங்க.”

கையை எடுத்துக்கொண்டாள். நிலைப்படிவரை பின்வாங்கி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

“அடிபிடிக்குது” என்றாள்.

“தெரியும்” என்றாள் பெண். தெரிந்திருக்கவில்லை. சற்று நேரம் அடுப்பையே முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, தீயைக் குறைத்தாள்.